நாயின் நகம் உடைந்துவிட்டதா? ரத்தத்தை நிறுத்துவது முதல் புது நகம் வளர்வது வரை

நாயின் நகம் உடைந்தால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது ரத்தம்தான். தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு வரிசை, கதவோரம் ஒரு தீற்றல். நாயோ ஒரு காலைத் தூக்கிப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்து விடாமல் நக்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆனால் எவ்வளவு ரத்தம் வந்தது என்பதை வைத்து இந்தக் காயத்தை எடைபோடக் கூடாது. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் நாய், ஒரு நகம் உடைந்து கொட்டிய ரத்தத்தால் உயிராபத்துக்குப் போவது மிக அபூர்வம். நீங்கள் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் நகத்தை. எந்த இடத்தில் உடைந்தது, ஆடுகிறதா, தொங்குகிறதா, உள்ளே இருக்கும் சதை வெளியே தெரிகிறதா? டாக்டரிடம் கிளம்ப வேண்டுமா, வீட்டிலேயே சமாளிக்கலாமா என்பது இதில்தான் இருக்கிறது.

நகத்துக்குள் என்ன இருக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும். நாயின் நகம் பென்சில் மாதிரி. வெளியே கடினமான ஓடு, நடுவில் கரி இருக்கும் இடத்தில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மென்மையான சதை. இந்த உள்சதையைத்தான் டாக்டர்களும் நகம் வெட்டுபவர்களும் குவிக் என்பார்கள். வெள்ளை நகத்தில் இது இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. உள்சதைக்கும் பின்னால், நகத்தின் அடிப்பகுதியில், விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. அந்த எலும்பின் மேல்தான் நகமே வளர்கிறது.

ஆக, நுனி மட்டும் சிதைந்தால் வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. உடைவு உள்சதை வரை போனால் இரண்டும் உண்டு, அதுவும் காயத்தின் அளவுக்குப் பொருந்தாத அளவில். அடியோடு பிய்ந்தால் எலும்புக்குப் பக்கத்தில் திறந்த காயம். கிருமி உள்ளே போனால் விரல் எலும்பு வரை போக வழி இருக்கிறது. சின்ன நகம்தானே என்று விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

அதிகம் பிய்வது எது என்றால், காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம். நடக்கும்போது அது தரையைத் தொடுவதே இல்லை, அதனால் தேயாது, வளைந்து வளர்ந்துகொண்டே போய்த் துணியிலோ கம்பி வலையிலோ தரைவிரிப்பின் நூலிலோ மாட்டும். நாய் பயந்து காலை இழுக்கும், அவ்வளவுதான்.

முதல் சில நிமிடங்கள்: கடிபடாமல் பிடிப்பது

முதல் வேலை நாயை ஓடவிடாமல் ஒரு இடத்தில் வைப்பது. கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, வெளிச்சம் நன்றாக இருக்கும் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். குழந்தைகளையும் மற்ற நாய்களையும் வெளியே அனுப்பிவிடுங்கள். நீங்கள் பதறினால் அது இரண்டு மடங்கு பதறும், அதனால் குரலைத் தாழ்த்தி எப்போதும் பேசுவது போலவே பேசுங்கள்.

அப்புறம், எங்கள் நாய் கடிக்கவே கடிக்காது என்ற நம்பிக்கையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நகத்தில் வலி உயிர் போகும் வலி. சாதுவான நாய்கூட அந்த இடத்தைத் தொட்ட நொடியில் யோசிக்காமல் திரும்பிக் கடிக்கும், கடித்த பிறகுதான் யாரைக் கடித்தோம் என்று பார்க்கும். வாய்ப்பூட்டு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நீளமான காஸ் துணியோ மென்மையான துணிப்பட்டையோ போதும்: ஒரு சுருக்கு வளையம் செய்து மூக்குத்தண்டின் மேல் மாட்டி, முனைகளைத் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கோ மூச்சு வாங்கும் நாய்க்கோ இப்படி வாயைக் கட்டக் கூடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் வேண்டாம். அவற்றுக்கு ஒரு பெரிய துண்டைக் கழுத்தைச் சுற்றி உருட்டிப் பிடித்தாலே தலை திரும்பாது. வாய்க்கட்டு எதுவாக இருந்தாலும் வெயிலில் சில நிமிடங்களுக்கு மேல் வைக்காதீர்கள், நாய்க்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் வேலை பாதி. ஒருவர் நாயைத் தன் உடம்போடு சேர்த்து அணைத்து, காயம்பட்ட காலின் முழங்கைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் சின்ன நாயைத் துண்டில் சுற்றி, காயம்பட்ட காலை மட்டும் வெளியே விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடித்துவிட்டால், காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு மனித மருத்துவரைப் பாருங்கள். வளர்ப்பு நாய்தானே, தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ரத்தத்தை நிறுத்துவது

சுத்தமான துணி அல்லது காஸை நகத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். 5 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இங்கே பெரும்பாலோர் செய்வது, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் துணியை எடுத்து நின்றுவிட்டதா என்று பார்ப்பது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

ஸ்டிப்டிக் பவுடர் வீட்டில் இருந்தால் நல்லது. இரும்பு உப்பு கலந்த இந்தப் பொடி ரத்தக் குழாயின் முனையைச் சுருக்கி அடைத்துவிடும். ஒரு சிட்டிகையை மூடியில் கொட்டி, நகத்தின் நுனியை அதில் பதித்து, விரலால் அழுத்தி அரை நிமிடம் பிடித்தால் போதும். கொஞ்சம் எரியும், நாய் காலை இழுக்கும், எதிர்பார்த்தே இருங்கள். ஒன்று மட்டும்: நகம் நடுவில் உடைந்தோ வெட்டுப்பட்டோ ரத்தம் வருவதற்குத்தான் இந்தப் பொடி. அடியோடு பிய்ந்து தோலும் சதையும் திறந்திருக்கும் காயத்தில் இதைக் கொட்டக் கூடாது, எரிச்சலும் சதைக்குச் சேதமும்தான் மிச்சம். அந்த மாதிரிக் காயத்துக்குச் சுத்தமான காஸும் அழுத்தமும் போதும்.

பவுடர் இல்லையா? மக்காச்சோள மாவோ (கார்ன்ஃப்ளவர்) மைதாவோ எடுத்து அதே மாதிரி அழுத்துங்கள். ஸ்டிப்டிக் அளவுக்கு வேகமாக வேலை செய்யாது, ஆனால் ரத்தம் உறைய ஒரு பிடிமானம் கொடுக்கும். இதுவும் நுனி உடைவுக்குத்தான். திறந்த சதையில் மாவைத் திணித்தால் பிறகு கழுவி எடுப்பது பெரும்பாடு.

நின்ற உடனே காலைத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் உண்டு. தரையெல்லாம் அசிங்கமாகிவிட்டதே என்ற அவசரம் புரிகிறது, ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் அப்போதுதான் பிடித்த உறைவு கரைந்துவிடும். மண்ணோ சேறோ ஒட்டியிருந்தால் ஒழிய அரை மணி நேரமாவது காலைத் தொடாமல் நாயைப் படுக்க வையுங்கள். நக்கவும் விடாதீர்கள், நாக்குப் பட்டாலும் அதே கதைதான்.

விடாமல் அழுத்தியும் 15, 20 நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் அழுத்திப் பிடித்தபடியே டாக்டரிடம் கிளம்புங்கள். சாதாரண நகக் காயம் இவ்வளவு நேரம் கசியாது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம், எலி மருந்தையோ அதைத் தின்ற எலியையோ நாய் தின்றிருக்கலாம், அல்லது பிறவியிலேயே ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். டாபர்மேன் நாய்களில் வான் வில்லிபிராண்ட் என்ற இந்த மாதிரிக் குறை அதிகம் காணப்படுகிறது. ஈறு வெளுத்திருந்தால், உடம்பில் வேறு எங்காவது காரணமில்லாமல் கன்றிப்போன தடம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது நகத்தைப் பாருங்கள்

ரத்தம் நின்று, அந்த அரை மணி நேரமும் கழிந்ததும் டார்ச் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். முடி மறைத்தால் ஈரப் பஞ்சால் ஒதுக்குங்கள். எல்லா விரலையும் பாருங்கள், ஒன்று உடைந்த அதே இழுப்பில் பக்கத்து விரலும் அடிபட்டிருக்கலாம்.

நுனி மட்டும் சிதைந்து, ரத்தமே இல்லை, அழுத்தினால் நாய் கண்டுகொள்ளவில்லை என்றால் பிரச்சினை இல்லை. சொரசொரப்பான முனையை நக அரத்தால் மழுக்கிவிடுங்கள். அப்படியே விட்டால் அந்தச் சிலும்பு துணியில் மாட்டி உடைவு மேலே ஏறும்.

நகம் பாதியில் உடைந்து தனியாக விழுந்துவிட்டது, நடுவில் உள்சதை சிவப்பாகவோ கறுப்பு முத்தாகவோ தெரிகிறது, மிச்ச நகம் உறுதியாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். சுத்தம், கட்டு, நக்காமல் காப்பது, இந்த மூன்றும்தான் வைத்தியம்.

நகம் பிளந்து தொங்கிக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் தொந்தரவானது. ரத்தம் அதிகம் இருக்காது, அதனால் லேசான காயம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஓடு அசைந்து உள்சதையில் இருக்கும் நரம்பை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை எடுக்காமல் காயம் ஆறாது, கட்டுப் போட்டு ஒட்டவைக்கவும் முடியாது. பிளந்த நகம் திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. ஓடு வெறும் நுனியில், உள்சதைக்கு அப்பால், நூலிழையாகத் தொங்கினால் கூர்மையான நகவெட்டியால் ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். அடிப்பகுதியில் பிடித்துக்கொண்டு தொங்கினால் என் கருத்து திட்டவட்டமானது: கை வைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்துவிடு என்று யாராவது சொல்வார்கள். டாக்டர்களும் சில சமயம் அப்படித்தான் எடுக்கிறார்கள், ஆனால் எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், வலி தாங்காத நாய்க்கு மயக்க ஊசி அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் இழுத்துப் பாதியில் நின்றால் நாய் அடுத்த பல மாதங்களுக்குக் காலைத் தொடவிடாது.

நகம் நீளவாக்கில் அடிவரை விரிசல் விட்டிருந்தாலும், நகத்தைச் சுற்றிய தோல் கிழிந்திருந்தாலும், முழு ஓடும் கழன்று விழுந்து உள்சதை மட்டும் ஒரு சிவப்புக் கூம்பாக நின்றாலும் டாக்டரிடம் போங்கள். கழன்று விழுந்தது என்றால் நள்ளிரவில் ஓட வேண்டிய அவசியமில்லை. ரத்தம் நின்று, கட்டுப் போட்டு, நாய் படுத்துவிட்டால் காலையில் போகலாம். ஆனால் விரல் வீங்கி, கோணலாக இருந்து, காலைக் கீழே வைக்கவே மறுத்தால் விரல் எலும்பு முறிந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுத்தம் செய்வது

கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. வீட்டில் செய்யக்கூடிய மிக நல்ல கழுவுநீர் இதுதான். வெதுவெதுப்பாக ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பாதத்தை ஓரிரு நிமிடம் அமிழ்த்துங்கள், அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்சுங்கள். மருந்துதான் வேண்டும் என்றால் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாம். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசல் இருந்தால் 5 மில்லியை 200 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். கெட்டியாக ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்க வேண்டாம், கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவும் சாகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் இந்த இடத்துக்கு வேண்டாம். நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், அவ்வளவுதான் லாபம். டீ ட்ரீ ஆயில் நாய்க்கு நச்சு. துத்தநாகம் கலந்த களிம்புகளும், மனிதர்களுக்கான மரத்துப்போக வைக்கும் களிம்புகளும் நக்கினால் வயிற்றுக்குள் போய்த் தொல்லை தரும். நாய் நக்கும் என்பதை எப்போதும் கணக்கில் வைத்துக்கொண்டே மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

கழுவியதும் விரல் இடுக்கு வரை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். ஈரத்தின் மேல் கட்டுப் போட்டால் தோல் ஊறிப் புண்ணாகும்.

கட்டுப் போடுவது

கட்டின் நோக்கம் காயத்தை ஆற்றுவதல்ல, அழுக்குப் படாமலும் எதிலும் மாட்டாமலும் முதல் ஒன்றிரண்டு நாள் காப்பது. அதனால் அழகாக வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். இறுக்கம்தான் முக்கியம்.

காயத்தில் ஒட்டாத பேடை நகத்தின் மேல் வையுங்கள். சாதாரணப் பஞ்சை நேரடியாக வைத்தால் இழைகள் உள்சதையில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் பிரிக்கும்போது திரும்ப ரத்தம் வரும். விரல்களுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு செருகுங்கள், கட்டைவிரலுக்கும் காலுக்கும் இடையேயும்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அந்த நகம் கட்டுக்குள் தோலில் குத்தி இன்னொரு புண் உண்டாகும். பிறகு காஸ் சுருளைப் பாதத்தின் நுனியிலிருந்து தொடங்கி மேலே, மணிக்கட்டைத் தாண்டும்வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்கிற மாதிரிச் சுற்றுங்கள். விரலை மட்டும் கட்டினால் அது நிற்காது, பாதம் முழுக்கச் சுற்ற வேண்டும். கடைசியாகத் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ். இதைச் சுருளிலிருந்து நேராக இழுத்துச் சுற்றினால் இறுக்கிவிடும், அதனால் முதலில் கொஞ்ச நீளத்தைத் தளர்த்தி எடுத்து, பிறகு படிய வையுங்கள். மேல் விளிம்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

ரப்பர் பேண்டு போட்டு மூடவே கூடாது. முடிக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய், ரத்த ஓட்டத்தை நிறுத்தி, காலையே பறித்துவிடக்கூடிய சாமான் அது. அவசரத்துக்குக் குழந்தைச் சாக்ஸ் மாட்டினால் போதும், டேப்பைச் சாக்ஸின் மேல்தான் ஒட்ட வேண்டும், முடியிலும் தோலிலும் அல்ல.

கட்டிய ஒரு மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். கட்டுக்கு வெளியே விரல் ஏதாவது தெரிந்து, அது வீங்கி விலகியிருந்தால், குளிர்ந்திருந்தால், நாய் கட்டையே வெறித்தனமாகக் கடித்தால் உடனே பிரித்துத் தளர்வாகக் கட்டுங்கள். தினம் ஒரு முறை மாற்ற வேண்டும், நனைந்தால் அப்போதே. வெளியே போகும்போது மட்டும் மேலே பிளாஸ்டிக் பை, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். பையோடு விட்டால் உள்ளே வியர்த்து ஊறும்.

வலிக்கு என்ன கொடுப்பது

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், நாப்ராக்சன் இரண்டும் நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பதோடு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் பாதிக்கும். ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தம் உறைவது குறையும், இப்போதுதான் நிறுத்தியதை நீங்களே திறந்துவிட்ட மாதிரி. அதோடு, ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நாய்க்கான நல்ல வலி மருந்தை டாக்டர் உடனே கொடுக்க முடியாமல் போகும், இரண்டும் சேர்ந்தால் வயிறு தாங்காது. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவை நாய்களுக்குத் தரப்படுபவைதான், ஆனால் எடையையும் சிறுநீரக நிலையையும் பார்த்து டாக்டர் அளவு சொன்ன பிறகு. போன முறை மிஞ்சியது இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் போனால்

கிளம்பும் முன் சாப்பாடு போடாதீர்கள். மயக்க ஊசி தேவைப்பட்டால் வெறும் வயிறுதான் பாதுகாப்பு, தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாம். வாய் ஓயாத நாயைச் சமாதானப்படுத்தத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால் அங்கே காத்திருக்க வேண்டி வரும்.

அவர் தளர்ந்த நக ஓட்டை முழுக்க எடுத்து, அடியில் உறுதியாக இருக்கும் இடம் வரை வெட்டி, கழுவிக் கட்டுவார். ரத்தம் கசிந்தால் சில்வர் நைட்ரேட் என்ற ரசாயனம் தடவிய குச்சியால் தொட்டு அந்த இடத்தைச் சுட்டு அடைப்பார். எலும்பில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. ஆன்டிபயாட்டிக் எல்லா நாய்க்கும் தேவைப்படாது, சுத்தமான புதுக் காயத்துக்கு அது இல்லாமலே ஆறும். கொடுக்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம், கொடுத்தால் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். எப்போது உடைந்தது, எதில் மாட்டியது, என்ன மருந்து போட்டீர்கள், எல்லாம் சொல்லிவிடுங்கள், விழுந்த துண்டு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்த சில நாட்கள்

நக்குவதுதான் இனி எதிரி. நாயின் எச்சில் காயத்தை ஆற்றும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள், ஆனால் அந்த வாயில் இருக்கும் கிருமியும் ஓயாத ஈரமும் உறைந்த மேற்பரப்பைத் திரும்பத் திரும்பக் கரைக்கும். கழுத்தில் கூம்பு காலர் மாட்டுங்கள். முதல் நாள் கதவு நிலையில் மோதிக்கொண்டு உங்களை ஒரு பார்வை பார்க்கும், பாவமாகத்தான் இருக்கும், கழற்றிவிடாதீர்கள். கூம்பின் விளிம்பு மூக்கைத் தாண்டிச் சற்று நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலை வாய்க்குக் கொண்டுவந்துவிடும்.

நடை, சிறுநீர் மலம் கழிக்க மட்டும், கயிற்றோடு, மண்ணும் சரளைக்கல்லும் இல்லாத இடத்தில். ஓட்டமும் குதிப்பும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். வெளிப்பட்ட உள்சதை முதல் இரண்டு நாள் ஈரமான சிவப்பாக இருந்து, பிறகு மங்கி, வறண்டு, தோல் போலக் கெட்டியாகும். வறண்டதும் கட்டுத் தேவையில்லை. காற்றுப் படுவது நல்லது, வெளியே போகும்போது மட்டும் சாக்ஸ் மாட்டினால் போதும்.

தினம் ஒரு முறை மோந்து பாருங்கள், கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தொற்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும். கெட்ட வாடை, சீழ், விரல் தடித்துச் சூடாவது, முதலில் நன்றாக நடந்த நாய் மூன்றாம் நாள் திரும்ப நொண்டுவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், மலத்துளை வழியாகத் தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும். அதைத் தாண்டி ஏறி, சாப்பாட்டையும் ஒதுக்கினால் காத்திருக்காதீர்கள்.

புது நகம்

நகம் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும், நாய்க்கு நாய் மாறும். நுனி உடைவு சில வாரங்களில் மறைந்துவிடும், அடியோடு போனது முழு நீளத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். வளரும் வேர்ப்பகுதி அடிபட்டிருந்தால் புது நகம் கோணலாகவோ தடிப்பாகவோ, பொடிப்பொடியாக உதிரும் தன்மையோடோ வரலாம். கோணலாக வந்தால் நாய்க்குக் கஷ்டமில்லை, ஆனால் அந்த ஒன்றை மற்றவற்றைவிட அடிக்கடி வெட்ட வேண்டும், இல்லையென்றால் அதே நகம் திரும்ப மாட்டும்.

காரணமே இல்லாமல் உடைந்தால்

எதிலும் மாட்டவில்லை, ஓடவில்லை, ஆனாலும் ஒரு நகம் கழன்றது, இரண்டு வாரத்தில் வேறொரு காலில் இன்னொன்று. இது காயமல்ல, நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நகத்தின் வேரைத் தாக்கும் லூபாய்டு ஆனிகோடிஸ்ட்ரோஃபி என்ற ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலும் நடுவயது நாய்களுக்கு, ஜெர்மன் ஷெப்பர்டுகளில் கூடுதலாக வருவது. முழுக்கத் தீராவிட்டாலும் ஒமேகா-3 உள்ளிட்ட மருந்துகளால் கட்டுப்படுத்த முடியும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இன்னொன்று, வயதான நாயின் ஒரே ஒரு விரல் மட்டும் வீங்கி, நகம் உடைந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவது. நகத்தடியில் புற்றுநோய் இப்படித்தான் சாதாரணத் தொற்றாக வேடம் போடும். கறுப்பு நிறப் பெரிய நாய்களில், லாப்ரடார், ராட்வைலர், பெரிய பூடில் போன்றவற்றில், இது கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டாவது முறை மருந்து எழுதுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மறுபடி உடையாமல் இருக்க

நகவெட்டி கூராக இருக்க வேண்டும். மழுங்கியது வெட்டாமல் நசுக்கும், நசுங்கிய நகம் நீளவாக்கில் பிளக்கும். பெரும்பாலான நாய்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும், கடினத் தரையில் நிறைய நடக்கும் நாய்க்கு இன்னும் தள்ளிப்போகலாம். நிற்கும்போது நகம் தரையைத் தொட்டாலோ, நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டாலோ நேரம் வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் சத்தம் போடாது, அதை நீங்கள்தான் ஞாபகம் வைத்துப் பார்க்க வேண்டும்.

கறுப்பு நகத்தில் உள்சதை தெரியாது என்று பயந்து வெட்டாமலே விடுகிறவர்கள் அதிகம். மெல்லிய சீவலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறிய, பொடியான பரப்பு, பிறகு நடுவில் ஒரு கரிய, ஈரப்பதமான புள்ளி தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள், அடுத்த சீவலில் ரத்தம். நகம் மிக நீண்டுவிட்டிருந்தால் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும், ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரத்துக்கு ஒரு முறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்சதை தானே பின்வாங்கும், சில வாரங்களில் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வெட்டியவுடன் அரத்தால் ஒரு தடவை முனையை வழவழப்பாக்குங்கள்.

நகம் உடைந்த விரலை மட்டும், காயம் ஆறி நாய் தானாகவே காலைக் கொடுக்கும்வரை விட்டுவிடுங்கள். அதற்குள் மற்ற நகங்களை வெட்ட வேண்டி வந்தால் ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காமல், இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று போங்கள்.